ஒற்றைப்படை வீடுகள்

டோர்ஷவ்னில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட
ஒரு தெருவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
அட்டவணை என்பது அலுவலகப் பெயர்.

குடிவருகிறவர்களின் நீளம் மட்டும்தான் என் கைக்கு வரும்.
மூன்று பிட், ஐந்து பிட், ஒன்பது பிட்.
பெயரை நான் வைக்க வேண்டும்,
வரிசை பிசகாமல், குட்டையானவர் முதலில்.
பிட்டுகள் வாலிலிருந்து வருவதால்
பெயரைத் திருப்பி எழுதிக் கதவில் ஒட்டுவேன்.
அடிக்கடி வருகிறவருக்கு அறுபத்து நான்கு வீடு.
எப்போதாவது வருகிறவருக்கு ஒன்றே ஒன்று.
அதற்கும் நீளமானவருக்கு வெறும் அம்புக்குறி:
பின்சந்துக்குப் போய்க் கேள்.

இதில் அநியாயம் ஏதுமில்லை.
சுன்னிவாவின் ரொட்டிக்கடையில்
தினம் வரும் படகு மெக்கானிக் தலையை அசைத்தால் காபி வந்துவிடும்.
வருடம் ஒருமுறை கோபன்ஹேகனிலிருந்து வரும் தணிக்கைக்காரர்
பால் எவ்வளவு, சர்க்கரை வேண்டாம், பிஸ்கட் எந்த டப்பாவிலிருந்து என்று
முழு வாக்கியமாய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் கணக்குப் பார்ப்பேன்.
வீட்டுக்கு மேல் ஆள் இருந்தால் பொய்.
ஆளில்லாமல் வீடு மிஞ்சினாலும் பொய்.
என் நிரல் அப்போது ஒரே சொல்லைச் சொல்லும்: சிதைந்தது.
இந்தக் கண்டிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமை,
மறைப்பானேன்.

செவ்வாய் இரவு ஹானுஸ் கூப்பிட்டான்.
"ரன்வா, சாண்டோய்க்குத் தெற்கே என் மிதவை
ஆறு மணி நேரமாய்ப் பேசிக்கொண்டிருக்கிறது.
உன் லைப்ரரி எல்லாவற்றையும் சிதைந்தது என்கிறது.
விடியுமுன் நாலு படகு கிளம்ப வேண்டும்,
அலை என்ன உயரம் என்று கேட்கிறார்கள்."

ஒயரில் உப்புத்தண்ணீர் போயிருக்கும் என்றேன்.
கடல்மேல் பழி போடுவது இந்த ஊரில் சுலபம்.

பிறகு தூக்கம் வரவில்லை.
ஒரு மின்கட்டண ரசீதின் முதுகில்
பென்சிலால் பிட் பிட்டாய்ப் பிரித்தேன்.
தூரங்களுக்கான பட்டியலில் ஒரே ஒரு குறி.
நீளம் ஒன்று.
பொருள்: ஓரடி பின்னால் போ.
அங்கே இருப்பதையே எழுது,
இருநூற்று ஐம்பத்தெட்டு முறை.
மறுபடி போ. மறுபடி எழுது.

தெருவின் இரட்டைப்படை வீடுகள் அத்தனையிலும் அந்த ஒருவனே.
ஒற்றைப்படை வீடுகள் இருநூற்று ஐம்பத்தாறும் காலி.
எதுவும் சிதையவில்லை.
சொல்ல ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லியிருக்கிறது.
பாதி விளக்கு எரியாத தெருவும் தெருதான் என்பதை
என் கணக்குக்கு நான் சொல்லவே இல்லை.

திருத்தம் மூன்றே வரி.
ஆள் ஒருவர், நீளம் ஒன்று என்றால் விட்டுவிடு.
காலிக் கதவுகளில் மட்டும் பலகை மாட்டினேன்:
இங்கே யாராவது தட்டினால், அப்போது கத்து.

மூன்றே முக்காலுக்குச் சுருக்கம் பிரிந்தது.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
திரை கொள்ளாத பூஜ்யம்.
நவம்பரில், இந்தத் தீவுகளைச் சுற்றி,
அலையே இல்லாத கடல்.
ஜன்னலில் மழை இன்னும் பக்கவாட்டில்தான்.

என் அட்டவணையை இரண்டுமுறை சந்தேகப்பட்டேன்.
மூன்றாம் முறை அதை நம்பினேன்.
ஹானுஸை எழுப்பிச் சொன்னேன்:
"உன் மிதவை உண்மைதான் பேசுகிறது.
கடலைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்."
நெடுநேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
படகுகள் கிளம்பவில்லை.

எட்டே முக்காலுக்கு வந்த பொதியில்
பட்டியல் திடீரென நீண்டிருந்தது.
அலை உயரம் நான்கு சென்டிமீட்டர்,
பூஜ்யம், மறுபடி நான்கு, பிறகு ஆறு.
காலி வீடுகளில் ஆள் ஏறியிருந்தார்கள்.

ஒன்பதுக்கு ஹானுஸ் படம் அனுப்பினான்.
சங்கிலி அறுந்து, சாண்டோய் மணலில்
ஒருக்களித்துக் கிடக்கிறது மஞ்சள் மிதவை.
அதில் முதுகைத் தேய்த்து
சாவகாசமாய்ச் சொறிந்துகொண்டிருக்கிறது
ஒரு செம்மறி.