நாலாவது சுமை

நோயாளி எண் நூற்றுப் பதினேழு.
ஆண். ஐம்பத்தாறு வயது.
பெயர் எனக்கு வராது, சட்டம் அப்படி.
பனி உறைந்த ட்ராம் தண்டவாளத்தில்
சைக்கிள் சறுக்கி விழுந்தவர் என்பது மட்டும்
கோப்பின் ஓரத்தில்.

முகம் இல்லை. தாடை மட்டும் வரும்.
கறுப்புத் திரையில் சாம்பல் நிறமாய்
குதிரை லாடம்போல் சுழலும்.
அதை நான்முகிகளாக அரிவேன்,
ஒன்பது லட்சம் துண்டுகள்.
ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி:
இழுத்தால் எவ்வளவு நீளுவாய்?

இடப்பக்கக் கோணத்தில் புதிய முறிவு.
அதன்மேல் டைட்டானியம் தகடு,
ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, ஆறு திருகு.
முன்பல்லால் கடிக்கும்போது
மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும்,
கீழ்விளிம்பு நெருங்கும்.
ஆகவே தகடு மேலே.

முதலில் இரு மூட்டுகளையும் கட்டிவிட வேண்டும்.
மறந்தால்
ஒரு சிறு விசைக்கே தாடை திரையைவிட்டுப் பறந்துபோகும்,
கணக்கு பாதியில் நிற்கும்.
யன்னலுக்குக் கீழே ரைன்.
மோட்டார் இல்லாத படகொன்று
குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கியபடி
ஆற்றின் தள்ளுதலிலேயே அக்கரை போகிறது.
கம்பி அறுந்தால் அது பயணம் இல்லை, வெள்ளம் கொண்டுபோவது.
பாசலுக்கு வந்த புதிதில்
அதைப் பார்த்துத்தான்
எல்லை நிபந்தனை என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது.

டொக்டர் ஹூர்லிமன் மூன்று சுமை கேட்டிருந்தார்:
முன்பல், வலக் கடைவாய், இடக் கடைவாய்.
கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, ஆறு வாரம்.
நாளை பத்து மணிக்குப் படம் வேண்டும்.

வலப்பக்கத்தில் ஒரு மேடு.
ஸ்கானின் குப்பை என்று நினைத்தேன்.
மழமழப்பாக்கு என்றொரு பொத்தான் உண்டு.
அமுக்கினேன். போய்விட்டது.
நாற்பது நிமிடத்தில் விடை, எல்லாம் நீலமும் பச்சையும்.
கோட்டும் போட்டுவிட்டேன்.

பிறகு ஏனோ
வெட்டுப்படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
குப்பை இல்லை. எலும்பு.
எப்போதோ உடைந்து
இரண்டு மில்லிமீட்டர் விலகி
சாய்வாகவே சேர்ந்துகொண்ட எலும்பு.
தகடு இல்லை. திருகுத் துளை இல்லை.
யாரும் பொருத்தவில்லை.
அப்படித் தானாகச் சேர வேண்டுமென்றால்
பல வாரம்
வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வாயைத் திறக்கவில்லை.
டொக்டருக்கு ஜெர்மனில் எழுதினால் இது சிகிச்சை.
தமிழில் எனக்குள் சொல்லிப் பார்த்தால்
எதிரே யாரோ உட்கார்ந்து
கேள்வி கேட்கிறார்கள்.

எந்த நாட்டுக்காரர் என்று கோப்பில் இல்லை.
நான் தேடவும் கூடாது.
கடைவாய்ப் பற்களைப் பார்த்தேன்.
மேசைபோல் தட்டை.
சோறு தின்று தேய்ந்த பல் இல்லை இது.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பல்,
வருஷக் கணக்கில், இரவுகளில்.

மேட்டைத் திரும்ப வைத்தேன்.
சுற்றிலும் வலையைப் பொடிசாக்கினேன்.
நாலாவது சுமை ஒன்று சேர்த்தேன்:
எல்லாப் பல்லும், மேலும் கீழும்,
இடையில் உணவு எதுவும் இல்லாமல்,
ஐந்நூறு நியூட்டன்.
கோட்டைக் கழற்றினேன்.

ஆறு மணித்தியாலம் ஓடியது.
விடியப்புறம் நாலரைக்கு
மூன்றாம் திருகின் கழுத்தில் சிவப்பு.
பழைய முறிவில் ஒன்றுமே இல்லை, ஆழ்ந்த நீலம்.
அது நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

"இந்த நாலாவது எங்கிருந்து வந்தது?"
டொக்டர் கேட்டார்.
பற்களைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"அப்படியானால் கீழேயும் ஒரு தகடு."
அவ்வளவுதான். அடுத்த கோப்பைத் திறந்தார்.

அறிக்கையின் கடைசி வரி என்னுடையது:
வலப்பக்க மேடு நீக்கப்படவில்லை.
அது மாதிரியின் பிழை அல்ல.

கன்டீனில் பாணைக் கடித்தபோதுதான் தெரிந்தது,
காதுக்கு முன்னால், இரண்டு பக்கமும்,
என் தாடை வலிக்கிறது.