வாய்க்காலை மூடிய ஆண்டு

பத்திரம் இருபத்திரண்டு பக்கம்.
எல்ட்ரிட் ஹாகன்சன்
ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டார்:
என்றென்றைக்கும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"டிராக்டருக்கு ஏழு வருடம் கையெழுத்திட்டேன்.
வீட்டுக்கு முப்பது.
கல்யாணத்துக்குக்கூட
சாவு வரைக்கும்தான் கேட்டார்கள்.
நீ அதற்கும் மேலே கேட்கிறாய்."

நான் வனவிலங்குத் துறையின் ஆள்.
என் வேலை அடுக்களை மேசைகளில்.
வடக்கு டகோட்டாவில் ஆறிப்போன காப்பியில்
பாதியை நான்தான் குடித்திருக்கிறேன்.
நிலம் உங்களுடையதே, என்பேன்.
மாடு மேயலாம்.
புல் அறுக்கலாம், ஜூலை பாதி கழிந்த பின்.
உழக் கூடாது, நீரை வடிக்கக் கூடாது.
அவ்வளவுதான். அதற்கு ஒரு விலையும் உண்டு.
அந்த 'அவ்வளவுதா'னைச் சொல்லும்போது மட்டும்
என் குரல் கொஞ்சம் சிறுத்துவிடும்.

சன்னலுக்கு வெளியே நிலம்,
பனிப்பாறை போகிற போக்கில்
விரலால் அழுத்திவிட்டுப் போன மாவு.
குழிக்குக் குழி நீர்.
சில குழிகள் ஏக்கர் கணக்கு,
சில ஒரு கட்டில் போடும் அகலம்;
ஏப்ரலில் பிறந்து ஜூனில் இறப்பவை.
அந்தக் கட்டிலளவு நீரை நம்பித்தான்
ஊசிவால் வாத்து
மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கிளம்புகிறது.
புல் கிடைக்காவிட்டால்
கோதுமைத் தாளுக்குள் முட்டையிட்டு
கலப்பைக்குக் கொடுத்துவிடும்.

ஒரு மாதம் கழித்து எல்ட்ரிட் சொன்னார்:
"எனக்குச் சரி.
ஆனால் பாதி நிலம் தங்கச்சியுடையது."

வெர்னா ஃபார்கோவில் கணக்காளர்.
மே மாதம் வந்தாள்,
அண்ணனின் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
சளக் சளக்கென்று நடந்தாள்.
பறந்துகொண்டே கத்தும் மூக்கனைக் காட்டினேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"குழாய் புதைத்து வடித்தால்
ஏக்கருக்கு மக்காச்சோளம் எவ்வளவு?"
சொன்னேன்.
"நீங்கள் தருவது?"
அதையும் சொன்னேன்.
வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்தாள்.
"எங்களுக்கு நட்டம்."
"ஆமாம்," என்றேன்.
பொய் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

அவர்களுடைய அப்பா எழுபத்தைந்தில் வெட்டிய
வாய்க்கால் கரையில் வந்து நின்றாள்.
"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?"
கிழக்கே, சாலைக்கு அடியில்,
அதற்கு மேல் என் வரைபடத்தில் இல்லை.

"டாலெஃப்சன் வீட்டு நிலவறைக்கு.
ஏப்ரல் ஆனால் அவர்கள் வைத்த
உருளைக்கிழங்கெல்லாம் மிதக்கும்.
அப்பாவுக்குத் தெரியும்.
கார்லா டாலெஃப்சனும் நானும் ஒரே பெஞ்சு.
ஆறாம் வகுப்புக்குப் பிறகு
அவள் என்னோடு பேசவில்லை."

காற்று கோரையைச் சாய்த்தது.
மறுபடி நிமிர்த்தவில்லை, சாய்த்துக்கொண்டே இருந்தது.

"இதை அடைக்க
உங்கள் காகிதத்தில் இடமிருக்கிறதா?"
"பதினோராம் பக்கம்."
"அதைக் காட்டுங்கள். வாத்தை அப்புறம் பார்க்கலாம்."

அக்டோபரில் ஒன்பது லாரி களிமண்.
எல்ட்ரிட் வேலியோரம் நின்று
ஒவ்வொரு லாரிக்கும் முனகினார்.
பக்கத்துப் பண்ணையில் அதே வாரம்
கறுப்புக் குழாய்ச் சுருள்கள் வந்திறங்கின.
அங்கேயும் போய்க் காப்பி குடித்தேன்.
அவர்கள் மரியாதையாக வழியனுப்பிவைத்தார்கள்.

வசந்தத்தில் பனி உருகி நீர் வந்தது.
பழைய வழியைத் தேடிற்று.
அடைப்பில் முட்டிப் பார்த்தது,
இன்னொரு முறை முட்டியது,
பிறகு உட்கார்ந்துவிட்டது.

இருட்டும் நேரம், வரப்பில் நான்.
கைபேசியில் வெர்னா.
"தண்ணீர் நிற்கிறதா?"
"நிற்கிறது."
"டாலெஃப்சன் வீட்டில்?"
"நிலவறைக் கதவு திறந்திருந்தது.
உள்ளே பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்."

வெகுநேரம் பேச்சில்லை.
ஃபார்கோவில் ஏதோ ரயில் போகும் சத்தம்.
"கார்லாவா அடித்தாள்?"
"முகம் தெரியவில்லை."

"சரி," என்றாள். "வாத்து எத்தனை?"
"நாற்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன்.
நீங்கள் அழைத்தீர்கள்.
எல்லாம் இடம் மாறிவிட்டன."

"எண்ணுங்கள்," என்றாள்,
"வைக்க மாட்டேன்."