எட்டில் இரண்டு

ஜூன் பதினாறு, விடிகாலை மூன்று நாற்பது.
சுய்யாக்கில், கடலுக்கு மேலே, ஒரு வெளிச்சம்.
புகார் எண் ஏழு.
புகார் என்று ஏன் சொல்கிறோமோ,
அந்த அம்மாள் எதையும் குறை சொல்லவில்லை.
வானிலை அலுவலகத்தில் அந்தப் பக்கத்து ஆள்
நான் ஒருவன்தான். படிவம் என் கைக்கு வந்தது.

சவுந்தரி அப்பாடு, ஐம்பத்திரண்டு வயது,
பேருந்து நிலையத்தில் தால் பூரி விற்பவர்.
இரண்டரைக்கே பருப்பு கொதிக்கும் வீடு.
காசளவா, ஒரு ரூபாயா ஐந்து ரூபாயா
என்று கேட்கச் சொல்கிறது படிவம்.
அவர் மாவில் ஒரு கிள்ளு எடுத்து உருட்டினார்.
கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி,
"பெரிசு." கொஞ்சம் பிய்த்துப் போட்டார்.
"இன்னும் பெரிசு."
மூன்றாவது உருட்டலில், "இது."
அதை உறையிலிட்டு ஒட்டினேன்.
கண்ணிலிருந்து விரலுக்கு
ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். நாடா பிடித்தது நான்.

எந்தத் திசை?
"கயேத்தான் வீட்டு ஈரப்பலாவுக்கு மேலே
மூணு விரல்."
எட்டிப் பார்த்தேன். மரம் இல்லை.
ஜனவரிப் புயலில் போய்விட்டதாம்,
அடிக்கட்டையைக்கூடத் தோண்டியாயிற்று,
குழியில் கோழிகள்.
அப்படியானால் ஜூனில் எப்படி?
"மரம் இல்லைன்னு தெரியும் மிசியே.
இருந்தாலும் அதுக்கு மேலேதான்."
திசைகாட்டியை அந்தக் கோழிகளுக்கு மேல் பிடித்தேன்.
நூற்று எழுபத்திரண்டு பாகை.

வெள்ளி எழுந்தது ஐந்துக்கு, அதுவும் கிழக்கே.
நிலா நள்ளிரவுக்கு முன்பே இறங்கிவிட்டது.
கரும்புத் தீ என்றால் வடக்கே தெரிந்திருக்கும்.
ரீயூனியன் விமானம் அந்நேரம் கிடையாது.
படகு விளக்கா?
பவளத்திட்டு உடைந்த கரை இது,
அலை நேராகப் பாறையில் வந்து அடிக்கும்,
இருட்டில் எவனும் படகு இறக்க மாட்டான்.
தெற்கே அப்புறம் நிலமே இல்லை,
பனிவரைக்கும்.

பேசியதெல்லாம் கிரியோல்.
லாலிமியேர், லாலிமியேர் என்றே சொல்லிவந்தவர்
கல்லில் பூரியைத் திருப்பும்போது
ஒரே ஒரு தடவை "வெளக்கு" என்றார்.
நிமிர்ந்தேன்.
வெளிச்சம் தானாகவும் வரும்.
வெளக்கு என்றால்
ஏற்றினவர் ஒருவர் வேண்டுமே.
"வாய் தவறிடுச்சு, எழுதாதீங்க."
எழுதியிருந்தேன். அடித்தேன்.
அடித்ததற்கு அடியிலும் படிக்க முடிகிறது.

பிறகு அவர் கேட்டார்:
"உங்க ஆபீசுல யாரும் பார்க்கலையா?"
பதிவேட்டில் இருக்கிறது, ஒப்பித்தேன்:
பிளேசான்ஸ், நான்கு மணி.
மேகம் எட்டில் இரண்டு.
பார்வைத்தூரம் இருபது கிலோமீட்டர்.
குறிப்பிட ஒன்றுமில்லை.
"பார்த்து எழுதினது யாரு?"

அது என் கையெழுத்து.
மூன்று மணிக்கே நான்குக்கும் சேர்த்து எழுதிவிட்டு
மேசையில் தலை சாய்த்திருந்தேன்.
ஐந்து மணிக்குக் கன்னத்தில்
சுருள்கம்பி அச்சோடு எழுந்தேன்.
"ஒருத்தர்," என்றேன். "பணியில் இருந்தவர்."
அவர் தலையாட்டினார்.
இரண்டு பூரி மடித்துக் கொடுத்தார்.
இனாம் இல்லை. மீதிச் சில்லறையை
இரண்டு தடவை எண்ணித் தந்தார்.

நாலு நாளில் உருண்டை காய்ந்து கல்லானது.
அளந்தேன், நான்கு மில்லிமீட்டர்.
காய்ந்து சுருங்கியது எவ்வளவோ, தெரியாது.
கணக்குப் போட்டால்
ஏறக்குறைய ஒரு முழு நிலா அகலம்,
நிலா இல்லாத ராத்திரியில்.
மறுநாள் உறையைத் துளைத்து எறும்பு எடுத்துப் போயிற்று.
நோட்டில் எண் மட்டும் இருக்கிறது.

படிவத்தின் கடைசிக் கட்டம்: விளக்கம்.
காலியாகவே அனுப்பினேன்.
பதிவேட்டைத் திறந்து
பதினாறாம் தேதி, நான்கு மணி,
"குறிப்பிட ஒன்றுமில்லை" என்பதைக் கோடிட்டு
பக்கத்தில் சிவப்பு மையில்
"பார்க்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
எட்டில் இரண்டை அடிக்கவில்லை.
அது சரியாகவும் இருந்திருக்கலாம்.