இருக்கட்டும்

திலகேஸ்வரியின் கவிதைகளுக்கு
முதல் புரூவ் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஆமர் வீதியில் கரண்ட் இல்லை.
கீழே இரும்புக்கடையில் லொறி இறக்குகிறார்கள்.
ஆளை நான் கண்டதில்லை.
வெள்ளவத்தையில் இருக்கிறாராம்,
கடல்பக்கத்து ஒழுங்கை ஒன்றில்.

ஒரே பொருளுக்கு இரண்டு சொல்.
சில பக்கங்களில் கோச்சி,
சில பக்கங்களில் ரயில்.
பதினொரு கோச்சியையும் சிவப்பு மையால் வெட்டி
ரயில் ஆக்கினேன்.
ஒருமைப்பாடு என் தொழில்.
சம்பளமும் அதற்குத்தான்.

எழுபதாம் பக்கத்தில்
பேனை நின்றது.
வடக்கே போவதெல்லாம் கோச்சி.
மாங்குளம் தாண்டினால் அதில் கதை கூடுகிறது,
ஆரோ ஆருடைய பிள்ளையையோ மடியில் வைத்திருக்கிறார்கள்.
தெற்கே, களுத்துறைக்கு,
அவருடைய யன்னலை ஆட்டிக்கொண்டு போவது
வெறும் ரயில்.
தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு
கோச்சி கனவில்தான் வருகிறது,
அதுவும் சத்தமில்லாமல்.

பிறகு மற்றச் சொற்களைத் தேடினேன்,
களவெடுக்கிறவனைப் போல.
'வீடு' மூன்றே இடத்தில்.
மூன்றும் பொலிஸ் பதிவுப் படிவத்தில்:
வீட்டு இலக்கம், வீட்டு உரிமையாளர்,
வீட்டில் இரவு தங்குவோர்.
மற்ற இடமெல்லாம் அறை.
கடலைக் கடல் என்று எழுதவேயில்லை;
'அந்தப் பக்கம்' என்கிறார்,
முகம்கொடுத்துக் கதைக்காத அயலவரைச் சொல்வதுபோல.
பாணுக்கு மட்டும் ஊர் இல்லை.
முதல் பக்கத்திலும் பாண், கடைசியிலும் பாண்.

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்தவன்.
அறுபது குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய்.
இன்றைக்கும் எந்தச் சண்டையும் எனக்குப்
பைப்படிச் சண்டைதான்,
ஐ.நா. சபையில் நடந்தாலும்.
மனைவி சிரிப்பாள். அவள் பதுளைக்காரி.
மழை வந்தால் 'இறங்குது' என்பாள்.
கொழும்பில் இறங்குவதற்கு
ஒரு மலையும் இல்லை.

போன் எடுத்துக் கேட்டேன்.
"கோச்சியோ? எங்கை?" என்றார்.
பக்க எண்களைச் சொன்னேன்.
அவர் பக்கம் ரயில் ஒன்று போனது.
முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.
"எனக்குத் தெரியாது தம்பி.
பிழையெண்டா மாத்துங்கோ."

பிழை இல்லை என்றேன்.
வெட்டிய சொற்களுக்குக் கீழே
புள்ளி புள்ளியாய் வைத்து
ஓரத்தில் எழுதினேன்: இருக்கட்டும்.
இருக்கட்டும்.
ஒன்பதாவதில் மை தீர்ந்தது.
மிச்சம் இரண்டையும் பென்சிலால்.