வீட்டுக் குழு

இரவு ஒன்றே கால்.
அட்டுவம்பட்டி முழுக்க இரண்டு கம்பளிக்குள்.
மாடிப்படிக்கு அடியில் பிரிண்டர்
தானாகக் கனைத்துக்கொண்டு எழுந்தது.

எலி என்றுதான் முதலில் நினைத்தேன்.
டார்ச்சடித்துப் பார்த்தால் சூடாக ஒரு தாள்,
அதன் மேல் அதே தாள்,
அதன் மேல் மறுபடியும்.
வேலை செய்யவில்லை என்று
யாரோ மூன்று தடவை அழுத்தியிருக்கிறார்கள்.

விடுதலைப் பத்திரம் என்று தலைப்பு.
'மேற்படி சொத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட பாகத்தை
எவருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன்...'
இரண்டாம் அறைதான்.
உடுமலையிலிருந்து தனியே வந்த செண்பகவல்லி,
ராத்திரிக்கு ஒரு சப்பாத்தி போதும் என்றவர்.
தேதிக்கு மட்டும் புள்ளி விட்டிருந்தது.

படிக்கக் கூடாதுதான்.
ஆனால் அந்த முழு மனது எனக்குப் பழக்கம்.
பெரியகுளம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
இருபத்து மூன்று வயதுக் கையெழுத்து ஒன்று
இன்னும் அதன் கீழே இருக்கிறது.

தப்பு டைட்டஸுடையது. அக்கா மகன்.
லீவுக்கு வந்தவன்,
"வர்றவங்க பாட்டுக் கேக்கட்டும் சித்தி" என்று
என் கணினியை வீட்டுக் குழுவாக்கி
கடவுச்சொல்லை வைஃபை அட்டைக்குக் கீழேயே எழுதி
மூன்று அறையிலும் ஒட்டிவிட்டுப் போனான்.
இரண்டு வருடம்.
என் கடன் கணக்கு, ஆதார் நகல்,
பேரிக்காய் மரத்தடியில் நான் வாய் பிளந்து தூங்கும் படம்,
எல்லாம் எந்தெந்த ஊர்க்காரர் மடியிலோ
திறந்து கிடந்திருக்கின்றன.

சால்வையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.
வீட்டுக் குழுவிலிருந்து விலகு.
நிச்சயமாகவா? நிச்சயமாக.
விலகிவிட்டீர்கள் என்றது.
ஆனாலும் திரையின் இடப்பக்கம்
ஒன்றையொன்று ஒட்டிய அந்த உருண்டைகள்
போகாமல் உட்கார்ந்திருந்தன,
பந்தி முடிந்தும் எழாத சம்பந்தி மாதிரி.

சேவைகளின் பட்டியலில் இறங்கித் தேடினேன்.
வீட்டுக் குழுவில் கேட்பவர் ஒருவர்,
கொடுப்பவர் ஒருவர்.
இருவரையும் நிறுத்தினேன்.
கேட்பவர் உடனே போய்விட்டார்.
கொடுப்பவர்தான் நேரம் எடுத்தார்.

கடைசியில் பதிவேடு.
சாவிக்குள் சாவி, அதற்குள் சாவி.
ஓர் எண்ணை மாற்றக் கை வைத்தால்
அனுமதி இல்லை, உரிமையாளர் நீங்கள் இல்லை என்றது.
வத்தலக்குண்டில் இருபத்திரண்டாயிரம்
எண்ணிக் கொடுத்து வாங்கியது.
யார்தான் உரிமையாளர் என்று பார்த்தேன்.
நம்பிக்கைக்குரிய நிறுவி என்று ஒருத்தர்.
வாடகையும் கேட்டதில்லை, வாசல் பக்கம் வந்ததுமில்லை.
அவரை எடுத்துவிட்டு என் பெயரைத் தட்டினேன்.
அப்படி யாரும் இல்லை என்றது.
விரல் விறைத்து எழுத்து மாறியிருந்தது.
திரும்பத் தட்டினேன்:
சகாயராணி.
ஒத்துக்கொண்டது.

அணைத்துத் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கூவியது. வெளியே
காட்டுமாடு ஒன்று வேலிக்கல்லில் முதுகு தேய்த்தது,
நிதானமாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம்.
திரை வந்தபோது உருண்டைகள் இல்லை.

காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி
"ராத்திரி ஒரு பிரிண்டர் காட்டுச்சுங்க,
இப்பக் காணோம்" என்றார்.
"மேகம் எறங்கிட்டா இங்க நெட்டு அப்படித்தான்."
மூன்று தாளும் வெந்நீர் அடுப்பில்
விறகுக்கு முன்னால் பற்றி முடிந்திருந்தன.
"பக்கத்துல பிரிண்ட் எடுக்கக் கடை ஏதும்?"
"மூஞ்சிக்கல்லுல இருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."
சீசனில் அவன் ஞாயிறும் திறப்பான்.
அதை நான் சொல்லவில்லை.

டம்ளரின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.
"அப்ப இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமா?"

மதியத்துக்கு எத்தனை சப்பாத்தி
என்று கேட்டேன்.