சன்னல் வைத்த முட்டை

விடியுமுன்னே ரெண்டு பேரும் கத்தி எடுப்போம்.
அவர் அருமனைச் சரிவில் பால்வெட்டுக்கு,
நான் குலசேகரம் தாண்டி
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கூடத்துக்கு.

"தோலு மட்டும் கீறணும்,
தடியில பட்டா மரம் மறக்காது" என்பார்.
எனக்கும் அதேதான்.
ஓடு அறுபடலாம், சவ்வு விலகலாம்,
மஞ்சள்மேல் மிதக்கிற வெள்ளைப் பொட்டு
நடுங்கக் கூடாது.

ஊசிமுனையில் இறங்குவது ஒரு வைரஸ்.
பெருகுகிற புத்தியை வழித்தெடுத்துவிட்டு
அந்த இடத்தில்
மனுஷ உடம்பின் ஒரே ஒரு வாக்கியத்தை
மடித்து வைத்திருக்கிறார்கள்,
ரத்தம் உறையாத யாருக்கோ மருந்தாக.
கூடவே, பச்சையாய் மினுங்கு என்றொரு சொல்,
சேர்ந்ததா என்று நாங்கள் அறிய.
போகும். வைக்கும்.
அதோடு அதன் கதை தீர்ந்தது.

வேறொரு முட்டையின் ஓட்டுத்துண்டால்
சன்னலை மூடி மெழுகு வைப்பேன்.

இடவப்பாதி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் தேடி
முட்டளவு வெள்ளத்தில் கேனோடு போனான் பெல்சிலால்.
நானூற்றுப் பன்னிரண்டில்
பொரிந்தது முப்பத்தேழு.

நீல விளக்கின் கீழே ஒவ்வொன்றாய்ப் பிடித்தோம்.
இல்லை. இல்லை.
ஒன்றுக்கு அலகோரம்.
இருநூற்றுப் பத்தொன்பதுக்கு
இடதுகால் நடுவிரல் மட்டும் பச்சை.
"வெரல்ல வந்திருக்கே, போதாதாக்கும்?"
போதாது, பெல்சிலாலே.
விரலில் உள்ளது குஞ்சுக்குப் போகாது.
வித்தில் வரணும்.

ஆறு மாசம் தீவனம் தின்று
அதிகாலைக் கூட்டத்தில் அதுதான் முதலில் கூவும்.
சோதனைத்தாளில்: இல்லை.
வித்தில் இருந்தது நூற்றிநாலுக்கு.
எங்கேயும் மினுங்காத, கையைக் கொத்துகிற,
யாருக்கும் பிடிக்காத சேவலுக்கு.

மற்றதெல்லாம் வெளியே போகக்கூடாது, சட்டம்.
எரிக்கும் பட்டியலில் கையெழுத்து என்னுடையது.
அன்று மத்தியானம் கேன்டீனில் கோழிக்குழம்பு.
ரெண்டு பேரும் தின்றோம்.
அது வேறு கோழி.

ராத்திரி ஆம்லெட்டுக்கு எடுத்த முட்டையை
பல்புக்கு நேரே உருட்டிப் பார்த்தேன்.
"என்னத்தப் பாக்குத?"
"சும்மா."

அவர் நடுவிரலில் உலர்ந்திருந்தது ரப்பர் பால்.
நகத்தால் ஓரத்தை நெம்பி மெல்ல உரித்தேன்.
சவ்வு மாதிரி
கிழியாமல் வந்தது.