ஏழாம் நாள்

ஓரகடம் ஆலையில்
ஆறு நாளும் நான் தமிழாக்குவது
திருகாணிகளின் அளவுகளை.
ஏழாம் நாள் மொரினாகா கேட்டார்:
பல்லாவரத்தில் ஒரு குகை இருக்கிறதாமே?

முப்பது வருடம் பம்மலில் இருக்கிறேன்.
அந்த மலையைப் பற்றி
ஜல்லி லாரிகளுக்கு மேல் எனக்குத் தெரியாது.

ஏறினோம்.
பல்லவர் குடைந்த கல்லுக்குள்
இப்போது பச்சைத் துணி, சாம்பிராணி.
கைக்குட்டையைத் தலையில் கட்டி
வாசற்படியை மிதிக்காமல் தாண்டினார்.

வெளியே வந்து தன் ஊரைச் சொன்னார்.
நாளுக்கு இரண்டே பேருந்து.
வெள்ளிக்காக மலையில் தோண்டிய துளைகள்,
கோடையிலும் குளிர்ந்த மூச்சு விடுமாம்.
வெள்ளி தீர்ந்தது.
நெடுநாள் கழித்துப் பள்ளிக்கூடமும்.
மிச்சம் பத்தொன்பது பேர்,
அவர் அம்மா உட்பட.

மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் இறங்கியது.
அந்த இரைச்சலில் ஏதோ சொன்னார்.
அகராதியில் இல்லாத சொல்,
அவர் ஊர்ப் பேச்சு.
பொருள் கேட்டேன்.
விமானம் அடங்கும்வரை யோசித்து,
"யாரும் இறைக்காத கிணற்றில்
தண்ணீர் ஊறுவது" என்றார்.

திங்களன்று மறுபடி திருகாணி,
எட்டு மில்லிமீட்டர்.
தமிழில் அதற்கு என்ன சொல்வது?
இரவு,
எங்கள் அடுக்ககத்தின் மூடிய கிணற்றுப் பலகைமேல்
வழக்கம்போல் ஸ்கூட்டரை ஏற்றியவள்
இறக்கி,
சற்றுத் தள்ளி நிறுத்தினேன்.